பல்வங்கர் பாலு: இந்தியாவின் முதல் பெரும் இடக்கைப் பந்துவீச்சாளர்

பல்வங்கர் பாலு (1876 – ஜூலை 4, 1955) இந்தியக் கிரிக்கெட் ஆட்டக்காரர், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். பூனா, பம்பாய் இந்து அணிகளுக்காக ஆடினார். 1911-இல் இங்கிலாந்து சென்ற அகில இந்திய அணியில் மிகச் சிறந்த பந்துவீச்சாளராக விளங்கினார். 33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட்டுகளை, விக்கெட்டுக்கு 15.21 ஓட்டங்கள் என்ற சராசரியில் எடுத்தார். தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்து, நாடறிந்த விளையாட்டு வீரரான முதல் இந்தியர் என்று வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுகின்றனர். ஆடுகளத்தில் அவருடைய இடக்கை எல்லோருக்கும் வேண்டியிருந்தது. ஆடுகளத்துக்கு வெளியே சமமாக உட்காரவும், களத்தில் அணியை நடத்தவும் அவருக்கு இடம் தரப்படவில்லை. பாலுவின் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவே நடந்தது.

பிறப்பும் குடும்பமும்

பாலு தார்வாரில் 1876-இல் பிறந்தார். அவர் பிறந்த ஆண்டை 1875 என்று சொல்வோரும் உண்டு. குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணக் கரையில் ரத்னகிரிப் பகுதியில் உள்ள பல்வண் என்னும் ஊர். பல்வங்கர் என்ற பெயர் அவ்வூரின் பெயரிலிருந்து வந்தது. சாதியில் அவர்கள் சாம்பார், அதாவது தோல் வேலை செய்பவர்கள். மராத்தியப் பகுதியில் அச்சாதி தீண்டப்படாததாக வைக்கப்பட்டிருந்தது.

பாலுவின் தந்தை பூனாவில் ராணுவம் சார்ந்த வேலையில் இருந்தார். பூனா அப்போது ஆங்கிலேயப் படையின் முக்கியமான பாசறை நகரம். படை அதிகாரிகள் பயன்படுத்திக் கழித்த மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் பழகினர். கணபத், விட்டல் என்னும் மற்ற இரு தம்பிகளும் பின்னாளில் சிறந்த ஆட்டக்காரர்களாயினர். நால்வருமே இந்து அணிக்காக ஆடியவர்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரிக்கெட் பந்தின் மேலுறை தோலால் ஆனது. தோலைத் தொடும் தொழிலுக்காக ஒரு சாதியைத் தீட்டு என்று ஒதுக்கியவர்களின் பிள்ளைகள், அதே தோலால் ஆன பந்தைப் பிடிக்கவும் துடைத்து மெருகேற்றவும் தயங்கவில்லை. தீட்டு பொருளில் இல்லை, மனிதர்மேல் சுமத்தப்பட்டது என்பதை விளையாட்டு தன்னையறியாமலே காட்டியது.

களப் பணியாளராக

பாலுவின் முதல் வேலை பூனாவில் பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் சங்கத்தில். ஆடுகளத்தைப் பெருக்குவது, உருளை இழுப்பது, இடையிடையே உறுப்பினர்களுக்குப் பந்து வீசுவது ஆகியவை அவர் பணிகள். மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் பூனா சங்கத்துக்கு 4 ரூபாய் சம்பளத்தில் மாறினார். அங்கும் உருளை இழுப்பது, வலை கட்டுவது, கோடு போடுவது என்று அதே வகை வேலைகளே. ஆனால் வலைப்பயிற்சியில் ஐரோப்பியர்களுக்குப் பந்து வீசும் வாய்ப்பு அங்கு நிறையக் கிடைத்தது.

அச்சங்கத்தின் சிறந்த மட்டையாளர் ஜான் கிளென்னி கிரெய்க். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் அணிக்கும் ஆடியவர், ‘ஜங்ளி’ கிரெய்க் என்று அழைக்கப்பட்டவர். பிற்காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியாரானார். மற்றவர்களுக்கு முன்பே மைதானத்துக்கு வந்து மணிக்கணக்கில் பாலுவின் பந்துகளை ஆடிப் பழகுவது அவர் வழக்கம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் அவர் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்பது பூனாவில் வழங்கிய கதை. கிரெய்க்கின் மட்டை வீச்சு கூர்மையானது போலவே பாலுவின் பந்துவீச்சும் கூர்மையானது.

இத்தனை ஆண்டுகளில் பாலுவுக்கு வலையில் மட்டை பிடிக்கும் வாய்ப்பு தரப்படவில்லை. அக்காலக் கிரிக்கெட்டில் மட்டை வீசுவது கனவான்களின் வேலை, பந்து வீசுவது கூலியாட்களின் வேலை என்றே கருதப்பட்டது. இங்கிலாந்திலும் நிலைமை பெரிதாக வேறுபட்டதல்ல. இந்தியாவில் அந்தப் பிரிவினையோடு சாதியும் சேர்ந்துகொண்டது.

பூனா இந்து அணியில்

பூனா இந்துக்கள் ஐரோப்பியர்களை ஆட்டத்தில் வெல்ல விரும்பினர். நகரிலேயே சிறந்த பந்துவீச்சாளர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவரை அணியில் சேர்க்கலாமா என்பதில் உறுப்பினர்கள் பிளவுபட்டனர். தெலுங்கு உறுப்பினர்கள் சிலர் பாலுவை ஆதரித்தனர், மராத்தியப் பிராமணர்கள் பலர் எதிர்த்தனர். பாலுவை விட்டுவிட்டால் இழப்பு இந்துக்களுக்கே என்று கிரெய்க் வெளிப்படையாகக் கருத்துச் சொன்னதும் அவர் சேர்க்கப்படுவதற்கு உதவியது.

அணியில் இடம் கிடைத்த பிறகும் ஒரு கோடு இருந்தது. களத்தில் பாலு தொட்ட பந்தை எல்லோரும் தொட்டனர். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் ஓய்வறைக்குள் பீங்கான் கோப்பைகளில் அருந்த, பாலுவுக்கு வெளியே மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. குடித்தபின் தூக்கி எறியப்படும் குவளை அது. மதிய உணவுக்குத் தனித் தட்டு, தனி இடம். முகம் கழுவ வேண்டுமென்றால், தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த வேலைக்காரர் ஒருவர் ஒரு மூலையில் தண்ணீர் ஊற்றினார். தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளின் இரட்டைக் குவளை முறையை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது.

பாலுவின் பந்துவீச்சால் பூனா அணி தொடர்ந்து வென்றது. சதாராவில் வெள்ளையர்களின் ஜிம்கானாவுக்கு எதிரான ஆட்டம் குறிப்பிடத்தக்கது. பாலுவின் சுழற்சியை முறியடிக்க ஆடுகளம் பல நாட்கள் உருளையால் அழுத்திக் கடினமாக்கப்பட்டிருந்தது. பாலு அங்கும் 7 விக்கெட்டுகள் வீழ்த்தினார். திரும்பியபோது பூனாவில் பாராட்டு நடந்தது. சமூகச் சீர்திருத்தவாதியான மகாதேவ கோவிந்த ரானடே பாலுவைப் பாராட்டினார். ஒருவரோடு சேர்ந்து விளையாட முடியுமென்றால் சேர்ந்து உண்ணவும் முடியும் என்ற கேள்வி அப்போது பொதுவெளிக்கு வந்தது. பாலகங்காதர திலகரும் பாலுவைச் சிறப்பித்தார்.

பம்பாயும் 1906 ஆட்டமும்

1896-இல் பரவிய கொள்ளைநோயை அடுத்து பாலு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். ரயில்வேயில் வேலை கிடைத்தது, அந்நிறுவன அணிக்காகவும் ஆடினார். பம்பாயில் பர்மானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானா புதிதாக உருவாகியிருந்தது. அங்கும் அவரைச் சேர்ப்பதற்குச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். இறுதியில் வெற்றி மீதான விருப்பமே வென்றது.

பம்பாய்க் கிரிக்கெட் அப்போது சமய அடிப்படையில் அமைந்திருந்தது. 1892 முதல் ஐரோப்பியர்களும் பார்சிகளும் மோதினர். 1907-இல் இந்துக்கள் சேர்ந்து முத்தரப்புப் போட்டியாயிற்று. 1912-இல் முஸ்லிம்கள் சேர்ந்து நாற்தரப்புப் போட்டியாயிற்று. 1937-இல் பிற சமயத்தினரின் அணியும் இணைந்து ஐந்தணிப் போட்டியானது. அது 1945-46 பருவத்தோடு நின்றது.

முத்தரப்புப் போட்டி தொடங்குவதற்கு முன், 1906 பிப்ரவரியில், இந்து அணி பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் ஐரோப்பியர்களைச் சந்தித்தது. இந்துக்கள் 242, 160 ஓட்டங்களும், ஐரோப்பியர்கள் 191, 102 ஓட்டங்களும் எடுத்தனர். 109 ஓட்டங்களில் இந்துக்கள் வென்றனர். பாலு முதல் இன்னிங்சில் 3, இரண்டாவதில் 5 என 8 விக்கெட்டுகள் எடுத்தார். தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்.

அந்த வெற்றிக்கு ஆட்டத்தைக் கடந்த பொருள் இருந்தது. வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கம் நடந்துகொண்டிருந்த காலம் அது. முந்தைய ஆண்டு ஜப்பான் ரஷ்யாவைப் போரில் வென்றிருந்தது. ஐரோப்பியர்களை ஆசியர்கள் வெல்ல முடியும் என்ற எண்ணம் பரவியிருந்தது. ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’ என்ற வார இதழ் வெற்றியின் இன்னொரு பக்கத்தைப் பேசியது. பல்வங்கர் சகோதரர்களை இந்து ஜிம்கானா ஏற்றுக்கொண்டதைப் பாராட்டி, களத்தில் கற்ற பாடம் அரசியலுக்கும் சமூகத்துக்கும் கல்விக்கும் செல்ல வேண்டும் என்று அது எழுதியது. அந்த இதழ் 1890-இல் சென்னையில் தொடங்கப்பட்டுப் பின்னர் பம்பாய்க்கு மாறியது. அதன் ஆசிரியர் காமாட்சி நடராஜன் தமிழர்.

பந்துவீச்சு முறை

பாலு வீசியது மரபான இடக்கைச் சுழற்பந்து. இவ்வகைப் பந்து, வலக்கை மட்டையாளரின் கால்பக்கமாக அல்லது ஸ்டம்புகளை நோக்கி வந்து, தரையில் பட்டதும் அவரை விட்டு விலகித் திரும்பும். மட்டையாளர் பந்து வந்த வழியை நம்பி ஆடினால், அது மட்டையின் விளிம்பில் பட்டு விக்கெட் கீப்பரிடமோ ஸ்லிப்பில் நிற்பவரிடமோ செல்லும். முன்னால் இறங்கி ஆடித் தவறினால் ஸ்டம்பிங் ஆக நேரிடும். வலக்கை ஆட்டக்காரர்களே மிகுதியாக உள்ள ஆட்டத்தில் இடக்கை வீச்சாளருக்குக் கிடைக்கும் இயல்பான வாய்ப்பு இது.

சுழற்சி மட்டும் போதாது. நல்ல மட்டையாளர் திரும்பும் அளவை விரைவில் கணித்துவிடுவார். பாலுவின் பலம் ஒரே மாதிரியான கையசைவிலிருந்து வேகத்தையும் உயரத்தையும் மாற்றுவதிலும், நீண்ட நேரம் ஒரே இடத்தில் பந்தை விழச் செய்வதிலும் இருந்தது. பூனா வலைகளில் கிரெய்க் போன்றவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் வீசியது இந்தக் கட்டுப்பாட்டைத் தந்தது. யார்க்ஷயரின் புகழ்பெற்ற இடக்கை வீச்சாளர் வில்ஃப்ரெட் ரோட்ஸ் பாலுவின் சமகாலத்தவர். பாலுவை ‘இந்தியாவின் ரோட்ஸ்’ என்று அழைத்தனர்.

இந்தியாவில் இடக்கைச் சுழற்பந்து வீச்சுக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. 1934 நவம்பர் 4 அன்று சென்னை சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக நடந்த முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் சென்னை அணியின் இடக்கை வீச்சாளர் ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகள் எடுத்தார், ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. வினூ மன்கட், பிஷன் சிங் பேடி என அந்த வரிசை தொடர்ந்தது. அதன் தொடக்கத்தில் நிற்பவர் பாலு.

1911 இங்கிலாந்துப் பயணம்

1911-இல் அகில இந்திய அணி முதன்முறையாக இங்கிலாந்து சென்றது. அணித்தலைவர் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அவருக்கு அப்போது 19 வயது. அணியிலும் சமயக் கணக்கு இருந்தது: பார்சிகள் 6 பேர், இந்துக்கள் 5 பேர், முஸ்லிம்கள் 3 பேர். பாலு, சிவராம், எம். டி. பை, பி. ஜெயராம், விக்கெட் கீப்பர் கே. சேஷாச்சாரி ஆகியோர் இந்து ஆட்டக்காரர்கள்.

பயணம் அணிக்கு வெற்றிகரமாக அமையவில்லை. 23 ஆட்டங்களில் 6-இல் வென்று, 15-இல் தோற்றது. இரண்டு ஆட்டங்கள் முடிவின்றி அமைந்தன. மகாராஜா பல ஆட்டங்களில் ஆடவில்லை. வயது 35-ஐ எட்டியிருந்த பாலு, தோள்பட்டை வலியோடு பந்துவீச்சின் பெரும் சுமையைத் தாங்கினார். எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட்டுகளை 18.84 சராசரியில் எடுத்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 103 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் எடுத்தது அவருடைய முதல்தர ஆட்டங்களில் மிகச் சிறந்த வீச்சு. லீஸ்டர்ஷயருக்கு எதிரான வெற்றியில் 11 விக்கெட்டுகள் அவருடையவை. சாமர்செட்டை ஒரு விக்கெட்டில் வென்ற ஆட்டத்தில் சிவராம் ஆட்டமிழக்காமல் சதமடித்தார். அப்பயணத்தில் முதல்தர மாவட்ட அணிகளுக்கு எதிராகக் கிடைத்த இரு வெற்றிகளிலும் இந்தச் சகோதரர்களின் பங்கு பெரிது.

ஊர் திரும்பியபோது பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் பாலுவுக்கு வரவேற்பு அளித்தனர். அதில் வாசிக்கப்பட்ட வாழ்த்துரையை அப்போது கல்லூரி மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. அந்தத் தலைமுறைத் தலித் இளைஞர்களுக்குப் பாலு ஒரு முன்னுதாரணம்.

மறுக்கப்பட்ட தலைமை

திறமையும் அனுபவமும் கொண்டு பார்த்தால் 1910 முதலே இந்து அணியின் தலைவராகப் பாலு இருந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் அவர் பெயர் கடந்து செல்லப்பட்டது. பிராமணரான எம். டி. பை தலைவரானார். மூத்தவரும் அனுபவம் மிக்கவருமான பாலுவுக்கே அந்தப் பதவி சென்றிருக்க வேண்டும் என்று பை 1913-இல் பொதுவில் சொன்னார். ஆனாலும் நிலை மாறவில்லை.

பந்து வீசுபவருக்குத் தேவை திறமை. அணித்தலைவர் மற்றவர்களுக்கு உத்தரவிடுபவர். ஒரு தீண்டப்படாதவர் கைகாட்டிய இடத்தில் உயர்சாதி ஆட்டக்காரர் போய் நிற்க வேண்டும் என்பதைத் தேர்வுக் குழுவால் ஏற்க முடியவில்லை. மண் குவளை மறைந்த பிறகும் எஞ்சியிருந்த தடை இதுதான்.

1920-இல் பிரச்சினை வெடித்தது. நாற்தரப்புப் போட்டிக்கான அணியிலிருந்து பாலு நீக்கப்பட்டார். பை ஆட முடியாத நிலையில், நன்றாக ஆடிக்கொண்டிருந்த விட்டலைத் தவிர்த்து, பூனாவின் டி. பி. தேவதர் தலைவராக்கப்பட்டார். விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினர். சாதியின் பெயரால் தாங்கள் இழிவுபடுத்தப்பட்டதாக அறிக்கை வெளியிட்டனர். காந்தியின் தீண்டாமை எதிர்ப்புப் பேச்சு நாடெங்கும் கேட்கத் தொடங்கிய ஆண்டு அது. பொதுமக்கள் ஆதரவு சகோதரர்களின் பக்கம் திரும்பியது. இறுதி ஆட்டத்துக்கு மூவரும் அழைக்கப்பட்டனர். பை தலைவர், பாலு துணைத்தலைவர் என்று முடிவாயிற்று. ஆட்டத்தின் நடுவே பை சிறிது நேரம் களத்தை விட்டு வெளியேற, பாலு அணியை நடத்தினார்.

பாலுவுக்குக் கிடைக்காதது அவர் தம்பிக்குக் கிடைத்தது. 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அந்த ஆண்டு இந்துக்கள் ஐரோப்பியர்களை வென்று கோப்பையைப் பெற்றனர். உயர்சாதியினர் விட்டலைத் தோளில் சுமந்து வந்தனர். விட்டல் 1948-இல் மராத்தியில் வெளியிட்ட தன்வரலாறு, அண்ணனின் வாழ்வை அறிய முக்கியமான ஆவணமாக உள்ளது.

அரசியல்

ஆட்டத்திலிருந்து விலகிய பின் பாலு அரசியலுக்கு வந்தார். ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதிகள் வேண்டும் என்று அம்பேத்கர் கோரினார். பாலு கூட்டுத் தொகுதிகளை ஆதரித்தார். இதே நிலைப்பாட்டை அப்போது எடுத்திருந்த தமிழகத் தலைவர் எம். சி. ராஜாவோடு அவர் இணைந்து நின்றார். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது நடந்த பேச்சுகளில் பாலுவும் பங்கெடுத்தார். 1932 செப்டம்பர் 24 அன்று உருவான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ராஜகோபாலாச்சாரி முதலியோருடன் பாலுவும் கையெழுத்திட்டார். உருளை இழுத்து வாழ்வைத் தொடங்கிய அதே பூனாவில், நாட்டின் வரலாற்றை மாற்றிய ஆவணம் ஒன்றில் அவர் பெயர் இடம்பெற்றது.

1933-இல் இந்து மகாசபை சார்பில் பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்றார். 1937-இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர்.

இந்தத் தேர்தலை வைத்துப் பாலுவை அம்பேத்கரின் எதிரியாக மட்டும் பார்ப்பது சரியன்று. இருவரும் ஒரே கொடுமையை அனுபவித்தவர்கள், எடுத்த முடிவு வேறு. பாலு தம் வாழ்நாளில் சில கதவுகள் மெல்லத் திறப்பதைக் கண்டவர். இந்து சமூகம் உள்ளிருந்தே மாறும் என்று நம்ப அவருக்குச் சொந்த அனுபவத்தில் சான்று இருந்தது. இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளருக்கே இவ்வளவுதான் திறந்தது என்றால், பந்து வீசத் தெரியாத கோடிக்கணக்கானவர்களின் நிலை என்ன என்பது அம்பேத்கர் தரப்பின் கேள்வியாக அமைந்தது. பாலுவின் வாழ்க்கை இரு தரப்புக்கும் சான்றாகிறது.

அமெரிக்காவோடு ஓர் ஒப்பீடு

இதே காலத்தில் அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் நிறத்தடை இருந்தது. பந்து எறியும் திறமை எவ்வளவு இருந்தாலும் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குப் பெரிய லீகுகளில் இடமில்லை. அவர்கள் தங்களுக்கெனத் தனி லீகுகள் அமைத்து ஆடினர். 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியபோதுதான் அத்தடை உடைந்தது. புகழ்பெற்ற பந்து எறிவாளர் சாச்சல் பேஜ் அடுத்த ஆண்டு பெரிய லீகில் நுழைந்தபோது அவருக்கு வயது 42.

பாலு ராபின்சனுக்கு அரை நூற்றாண்டு முன்னரே உயர்சாதியினரின் அணிக்குள் சென்றுவிட்டார். ஆனால் அமெரிக்காவில் கோடு மைதானத்தின் வாசலில் இருந்தது. இந்தியாவில் அது தேநீர்க் குவளையிலும் உணவுத் தட்டிலும் தலைவர் பதவியிலும் இருந்தது. உள்ளே விட்டுவிட்டு உள்ளேயே ஒதுக்கி வைக்கும் முறை இது.

மறைவும் வரலாற்றில் இடமும்

பாலு 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார். இந்தியா 1932-இல் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது அவருடைய ஆட்ட நாட்கள் முடிந்திருந்தன. டெஸ்ட் பட்டியல்களில் இடம்பெறாதவர்களைக் கிரிக்கெட் உலகம் எளிதில் மறந்துவிடும். பாலுவும் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தார். ராமச்சந்திர குஹா 2002-இல் வெளியிட்ட இந்தியக் கிரிக்கெட்டின் சமூக வரலாறு அவரை மீண்டும் பொதுக்கவனத்துக்குக் கொண்டுவந்தது.

அவர் எடுத்த விக்கெட்டுகளின் கணக்கு ஏடுகளில் உள்ளது. அவர் எத்தனை ஆட்டங்களில் வெளியே நின்று தேநீர் குடித்தார், எத்தனை முறை தம்மைவிட இளையவரின் தலைமையில் களமிறங்கினார் என்பதற்குக் கணக்கேடு இல்லை. பாலுவின் வரலாற்றை எழுதுபவர்கள் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.